கருவுக்கும் முன்காப்பு தேவை
(விக்கிரமசிங்கபுரம் வட்டார உழவர் குடும்பங்களுக்கான உரை)



பாபநாசம் அணைநீர் வந்து காருக்கு நாற்றங்கால் போடும்போது விதை நேர்த்தி செய்தே விதைக்கிறோம். நட்ட பயிரில் நோய் கண்ட பிறகு விதை நேர்த்திக்கு வழியில்லை. பிறவிக் குறைகளைத் தடுப்பதும் இப்படித்தான்.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளியதே அப்போது பலருக்குத் தெரியாது. குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டில் பிளவுடன் பிறக்கலாம். இவற்றில் பெரும்பகுதியை ஃபோலிக் அமில மாத்திரை தடுக்கும். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்து, கருவுற்ற மூன்றாம் மாதம் முடிய, தினம் 400 மைக்ரோகிராம் வேண்டும். இத்தகைய குழந்தையை முன்பே பெற்றவர்களுக்குக் கூடுதல் அளவு தேவை; மருத்துவரைக் கேட்கவும். கீரையும் பயறும் நல்லவையே. ஆனால் மாத்திரைக்கு ஈடாகா.

அடுத்தது, சொந்தத்தில் மணம். அத்தை, மாமன் மக்கள் மணந்தால் பிறவிக் குறைக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதில் இரத்த நெருக்கம் இன்னும் அதிகம். நிலம் பிரியக்கூடாது என்று பேசி முடிக்குமுன் இதையும் எண்ணுங்கள்.

மூன்றாவது, பூச்சிமருந்து. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மீது 1970களிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். சுற்றுக் கிராமங்களில் பிறவிக் குறைகள் கண்டதாக எழுந்த குரல் நாடெங்கும் கேட்டது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது. ஒவ்வொரு குறைக்கும் இதுவே காரணம் என்று நிறுவுவது கடினம்; அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பிணியும், குழந்தையை எதிர்நோக்கும் பெண்ணும் மருந்து கலக்கக் கூடாது. தெளித்த வயலில் களையெடுக்க இறங்கக் கூடாது. தெளித்தவரே தம் சட்டையைத் தனியாகத் துவைக்கட்டும். காலி டின்னில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

ரூபெல்லா தடுப்பூசியைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்னரே போட வேண்டும். கர்ப்பத்தில் போடக் கூடாது. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்த பின் கருத்தரிப்பது நலம். மதுவும் புகையிலையும் ஆகா. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் ஆகாது. வலிப்புக்கு மருந்து உண்பவர் தாமாக நிறுத்தாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காரணம் பிடிபடாத குறைகளும் பல உண்டு. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று மருமகளைப் பழிக்காதீர்கள். கிரகணத்தால் உதடு பிளப்பதில்லை. பழிச்சொல்லால் குழந்தைக்கு நன்மை ஏதுமில்லை. குறையை உடனே மருத்துவரிடம் காட்டினால் பல குறைகளைச் சரிசெய்யலாம்.

ஆகவே, வீட்டில் திருமணம் நிச்சயமானதுமே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். விதைப்புக்கு முன் செய்யும் நேர்த்தி அதுவே.