குழந்தை என்று சொல்லிக் கைநாட்டு வாங்காதீர்கள்



"அவருக்குக் குழந்தை மனசு" என்கிறோம். ஒருவரைப் பாராட்ட இதற்கு மேல் சொல்லே இல்லை என்பதுபோல் சொல்கிறோம். இந்தப் பாராட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

குழந்தை மனசு என்ன செய்யும்? தும்பியைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும். இழுக்கிற இழுப்பில் வால் அறுந்தால் அடுத்த தும்பியைத் தேடிப் போகும். நாம் எல்லோரும் செய்ததுதான். குழந்தைமேல் குற்றமில்லை, அந்த உயிருக்கு வலிக்கும் என்று அதற்குத் தெரியாது. இரக்கம் பிறகுதான் வந்தது. அடிபட்டு, இழந்து, அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. அது வராத காலத்தை உச்சியில் தூக்கி வைக்கிறோமே, என்ன நியாயம்?

சினிமாவும் இதையேதான் உச்சியில் வைக்கிறது. கதாநாயகி என்றால் மழையில் குதிக்க வேண்டும், ஐஸ்கிரீமுக்கு அடம்பிடிக்க வேண்டும். விவரம் தெரிந்த பெண் என்றால் வில்லி! 1953-இல் இதே தமிழ்நாடு 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளை நரைத்த தலையும் கையில் கோலுமாகப் பார்த்துக் கொண்டாடியது. இளமை வேண்டாம், முதுமை கொடு என்று கேட்டு வாங்கிய அந்த ஔவையின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள் நாம்.

முதுமை எப்படிப் பேசும் என்பதற்கு ஒரு காட்சி: 1973 டிசம்பர் 19, சென்னை தியாகராய நகர். 94 வயதில் தந்தை பெரியார் பேசுகிறார். நடுநடுவே வலி தாங்காமல் முனகுகிறார். விட்ட இடத்தில் தொடர்கிறார். ஐந்தாம் நாள் மறைந்தார். அன்று மேடையில் பேசியது குழந்தை மனசா?

அந்த முதுமையைக் குழந்தையாக நடத்துவதைப் பார்க்க இனி மருத்துவமனைக்கு வாருங்கள். நாற்காலியில் வயதான அம்மா இருக்கிறார். டாக்டர் மகனைப் பார்த்து, "பாட்டிக்கு என்ன பண்ணுது?" என்கிறார். சீட்டுக் கட்டி, வீடு எழுப்பி, கடனை அடைத்த மனுஷி. அவர் வயிற்றுவலியைச் சொல்ல மகன் வேண்டுமாம்! "வயசானா குழந்தை மாதிரிதானே" என்று செல்லமாகச் சொல்லித்தான் பாஸ்புக்கை வாங்கி வைக்கிறார்கள், பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறார்கள். பார்த்துக்கொள்வதாகச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம் என்று 2007-இல் சட்டமே போட வேண்டியிருந்ததே!

தோழர்களே, அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, "அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வாங்கி வைத்த பாஸ்புக்கை இன்று இரவே அவர் கையில் கொடுங்கள்.