எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது?



மேல்நிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பல வீடுகளில் ஒரு வழக்கு தொடங்கிவிடுகிறது. நகரம் ஒன்று, அதில் அரசுப் பல்கலைக்கழகமும் உண்டு, தனியார் பல்கலைக்கழகமும் உண்டு. இரண்டிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எதில் சேர்வது? தந்தையார் கட்டணத்தை எண்ணிப் பார்க்கிறார். மாமா கட்டடத்தைப் புகழ்கிறார். தோழன் வேலைவாய்ப்பைப் பற்றிக் கூறுகிறான். படிக்கப் போகும் பிள்ளையோ வாய் திறவாமல் நிற்கிறது. இவ்வழக்கை ஆராயும் முறை யாது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். சென்னை நகரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சென்னைப் பல்கலைக்கழகம், பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்களோடு 1857-இல் தோன்றியது. அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் அமைந்தது. ஆயினும் அதன் அங்கமான கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி வரை செல்கிறது. இவை அரசின் சட்டத்தால் அமைந்தவை. மற்றொரு பக்கம், நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தனியார் அறக்கட்டளைகள் நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. அவற்றுக்கு அத்தகுதி 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அளிக்கப்பட்டது. முறையான ஏற்புப் பெற்ற இடத்தில், 'தனியார் பட்டம் செல்லுமா?' என்று அஞ்ச வேண்டுவதில்லை.

அரசு என்றால் தாழ்வு, தனியார் என்றால் உயர்வு என்பாரும் உளர். அதனை மாற்றிக் கூறுவாரும் உளர். இரண்டும் பிழை. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பாருங்கள். 1949-இல் சி. இராஜம் என்னும் பெருந்தகை தம் பொருளைக் கொண்டு அதனை நிறுவினார். அன்று அது தனியார் நிறுவனம். 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. இன்று அது அரசுப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. வளாகம் அதுவே, பெயர்ப்பலகைதான் மாறியது. ஆகவே, உடைமை யாருடையது என்பதைவிடக் கற்பித்தல் எத்தகையது என்பதே முதற் கேள்வி.

அந்நிறுவனத்தோடு இணைந்த மற்றொரு செய்தியும் நமக்குப் பாடமாகும். 1950-களில் இராமேசுவரத்து இளைஞர் ஒருவருக்கு அங்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவை. அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அந்த இளைஞரே பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். தமக்கையின் நகையைத் தம் சொந்த ஈட்டத்தாலேயே மீட்பதென அன்று அவர் உறுதி பூண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கல்விக்காகக் கடன் படுவது இழிவன்று என்பதை இதனால் அறிகிறோம். ஆனால், அந்தக் கடன் மீட்கக் கூடிய அளவினதா என்று பார்ப்பதும் கடமை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமல்லவா?

அளந்து பார்ப்போம். ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வீதம் 4 ஆண்டுகள் ஒருவர் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். வட்டி 100-க்கு 10 ரூபாய், தனிவட்டி. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது. அதற்குள் அசல் 8 லட்சத்தோடு வட்டி 2 லட்சத்து 80 ஆயிரம் சேர்ந்துவிடும். அந்தத் தொகையை அதே வட்டியில் 10 ஆண்டுகளில் தீர்க்க, மாதந்தோறும் 14,000 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். இந்தத் தவணை, பணத்தை மட்டும் கேட்பதன்று. ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவனிடம், 'பிறகு பார்' என்கிறது. ஆட்சிப்பணித் தேர்வுக்கு ஓராண்டு படிக்க விரும்பும் மாணவியிடம், 'கிடைத்த வேலையில் உடனே சேர்' என்கிறது. இருபத்திரண்டு வயதில் எவ்வழியிற் செல்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையே அதற்கு ஈடாக வைக்கப்படுகிறது.

மாணவர்களுக்கு உரிய சலுகைகளையும் கேட்டறிதல் வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை 2021-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒதுக்கியது. அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. தனியார் பல்கலைக்கழகங்களிலும் மதிப்பெண்ணுக்கேற்பக் கட்டணக் குறைப்புத் தருவோர் உண்டு. அது முதல் ஆண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுகளுக்குமா, இடையில் மதிப்பெண் குறைந்தால் நீங்கிவிடுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இவ்வளவும் கூறியதனால், எப்போதும் அரசுப் பல்கலைக்கழகமே நன்று என்று நான் சொல்வதாகக் கருத வேண்டா. அரசுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஆசிரியர் இடங்கள் நெடுநாள் நிரப்பப்படாமல் இருக்கின்றன. ஆய்வுக் கருவிகள் பழமையாகிவிட்ட துறைகளும் உண்டு. தனியார் பல்கலைக்கழகம் நீங்கள் விரும்பும் புதிய பாடத்தை, தக்க ஆசிரியரையும் கருவிகளையும் கொண்டு கற்பிக்கக் கூடும். விருப்பமில்லாத துறையில், கட்டணம் குறைவு என்பதற்காக நான்கு ஆண்டுகள் உழல்வதும் ஒரு நட்டமே.

ஆதலால், நேரிற் சென்று பாருங்கள். விழா நாளில் செல்லாதீர்கள். வேலை நாளில் செல்லுங்கள். வாயிலின் உயரத்தைப் பாராமல், மாலை நேரத்தில் நூலகத்தில் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர் என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை அணுகிச் சில கேள்விகள் கேளுங்கள். சென்ற பருவத்தில் பாடங்கள் முழுமையாக நடந்தனவா? ஆய்வுக்கூடத்தில் கருவியை உங்கள் கையால் இயக்கினீர்களா, தள்ளி நின்று பார்த்தீர்களா? எழுதிய விடைகள் திருத்தப்பெற்று உங்கள் கைக்குத் திரும்பி வந்தனவா? இவற்றுக்குக் கிடைக்கும் விடை, விளம்பரத்தாள் தராத உண்மையைத் தரும்.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கூறும்போது, 'சராசரி ஊதியம்' என்னும் சொல்லிடத்து விழிப்பாக இருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆண்டுக்கு 3 லட்சமும், ஒருவர் 33 லட்சமும் பெற்றால், சராசரி 6 லட்சம். அந்த 6 லட்சத்தைப் பெற்றவர் ஒருவருமே இல்லை! எனவே, படித்தோர் எத்தனை பேர், அவருள் வேலை பெற்றோர் எத்தனை பேர், வரிசையின் நடுவில் நிற்பவர் பெற்றது எவ்வளவு என்று கேளுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கட்டணம் மிகுதியோ, அந்த மிகுதிக்கு ஈடாக நீங்கள் பெறப்போவது என்னவென்று எழுதுங்கள். இன்ன பாடம், இன்ன ஆசிரியர், இன்ன ஆய்வுக்கூடம் என்று பெயர் சொல்லி எழுத முடியுமானால், அளவறிந்து கடன் பெறலாம். 'பெயர்', 'மதிப்பு', 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பவை மட்டுமே தாளில் இருக்குமானால், கட்டணம் குறைந்த இடத்தையே தேர்ந்துகொள்ளுங்கள்.

அந்தத் தாளைப் பெற்றோர்முன் வைத்துப் பேசுங்கள். படிக்கப் போகிறவர் நீங்கள். தவணை கட்டப் போகிறவரும் பெரும்பாலும் நீங்களே. ஆகவே, வழக்கில் முதலில் பேச வேண்டியவரும் நீங்களே.