மரபணு மாற்றப்பட்ட பயிர்கள்: ஒரு முஸ்லிமின் நிலைப்பாடு என்ன?

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

மரபணு மாற்றப்பட்ட உணவு ஹலாலானதா? அதனை உண்ணும் எமது பிள்ளைகளுக்கு நோய் உண்டாகுமா? பெற்றோர்கள் பலர் இவ்வினாக்களை எழுப்புகின்றனர். கையடக்கத் தொலைபேசியில் வரும் படங்களைக் கொண்டே சிலர் தீர்ப்பும் வழங்கி விடுகின்றனர். எனவே இவ்விடயத்தை மார்க்கத்தின் ஒளியிலும் அறிவின் ஒளியிலும் நோக்குவது அவசியமாகும்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் பேரீச்ச மரங்களுக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்வதைக் கண்டார்கள். அதனால் பயனிராது என அன்னார் கருதியதால் மக்கள் அதனைக் கைவிட்டனர். விளைச்சல் குறைந்தது. அப்போது, உலக விவகாரங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தை நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்சம்பவம், விவசாய நுட்பம் ஆய்வுக்கும் அனுபவத்துக்கும் உரியது என்பதை உணர்த்துகின்றது.

இதே அடிப்படையில், மக்காவிலுள்ள ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை 1998ஆம் ஆண்டு ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. விவசாயத்தில் மரபணுத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் தீங்கு ஏற்படாதவாறு சகல முற்காப்புகளையும் மேற்கொள்ள வேண்டும். உற்பத்தியாளர்கள் பொருளில் அடங்கியிருப்பவற்றை வெளிப்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். இம்மூன்றையும் நாம் ஒன்றாகவே நோக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கவனிப்போம். கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவை ஒழிக்க விவசாயிகள் மீண்டும் மீண்டும் பூச்சிநாசினி தெளிக்கின்றனர். மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் புகுத்தியபோது, அச்செடியே புழுவைக் கொல்லும் புரதத்தை உற்பத்தி செய்தது. இதுவே பீ.டி. கத்தரியாகும். இந்தியா 2010ஆம் ஆண்டு இதன் வர்த்தகப் பயிர்ச்செய்கையை நிறுத்தி வைத்தது. பங்களாதேஷ் 2013ஆம் ஆண்டு அனுமதி வழங்கி, அடுத்த ஆண்டு 20 விவசாயிகளுடன் ஆரம்பித்தது. பின்னர் அங்கு நடத்தப்பட்ட ஆய்வில், பூச்சிநாசினிச் செலவு மூன்றிலொரு பங்குக்கும் அதிகமாகக் குறைந்தமை கண்டறியப்பட்டது.

புழுவைக் கொல்வது மனிதரைக் கொல்லாதா என்று கேட்கலாம். அப்புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில், அதற்குரிய ஏற்பிகளில் ஒட்டியே செயற்படுகின்றது. மனிதக் குடலில் அவ்வேற்பிகள் இல்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கல்விக்கழகங்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான அறிக்கையும், பாவனையிலுள்ள இவ்வகை உணவுகள் ஏனைய உணவுகளைவிட உடல்நலத்துக்குக் கூடுதல் ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் காணப்படவில்லை எனக் கூறியது. ஆயினும் ஒவ்வொரு புதிய பயிரும் தனித்தனியே பரிசோதிக்கப்பட வேண்டும். பிரேசில் கொட்டையின் மரபணு சேர்க்கப்பட்ட ஒரு சோயா, ஒவ்வாமையை ஏற்படுத்தும் என்பது பரிசோதனையில் தெரியவந்ததால், 1990களில் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது.

சுற்றாடலைப் பொறுத்தவரை எச்சரிக்கைக்கு வலுவான காரணங்கள் உள்ளன. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு அறிமுகமான பீ.டி. பருத்தியை உண்டும் சாகாத இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள் குஜராத்தில் தோன்றியமை 2010ஆம் ஆண்டு உறுதியானது. புழுக்களின் எதிர்ப்புச் சக்தியைத் தாமதிக்கச் சாதாரணப் பருத்தியையும் அருகே பயிரிட வேண்டும் என்ற விதி பரவலாகப் பேணப்படவில்லை. அமெரிக்காவிலோ, களைநாசினியைத் தாங்கும் பயிர்கள் 1996 முதல் பரவி, ஒரே களைநாசினி தொடர்ந்து தெளிக்கப்பட்டதால், அதற்கு மடியாத களைகள் பெருகின. விளைநிலத்தையும் சந்ததியையும் பாழாக்கும் செயலை அல்லாஹ் வெறுப்பதாக ஸூரதுல் பகராவின் 205ஆம் வசனம் உணர்த்துகின்றது. பூமி எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். குறுகிய கால இலாபத்துக்காக விதிகளைப் புறக்கணிப்பது அவ்வமானிதத்துக்குச் செய்யும் மோசடியாகும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் காணும்படி அதனை மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்தார்கள். உண்பவருக்கு உண்மையை அறியும் உரிமையுண்டு. எமது நாட்டில் 2007 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள், மரபணு மாற்றப்பட்ட உணவை அனுமதியின்றி இறக்குமதி செய்வதையும், அவ்விபரத்தைக் குறிப்பிடாது விற்பதையும் தடுக்கின்றன. எனவே பெற்றோர்களே, பொதியின் சுட்டுத்துண்டை வாசித்துப் பொருள் வாங்குங்கள்; பிள்ளைகளையும் அதற்குப் பழக்குங்கள். முஸ்லிம் வியாபாரிகளே, இறக்குமதிப் பொருட்களின் விபரத்தை மறைக்காதீர்கள்.

இளைஞர், யுவதிகளே! 2012ஆம் ஆண்டு பிரான்ஸில் கட்டிகளுடன் காட்டப்பட்ட எலிகளின் படங்கள் உலகெங்கும் பரவின. எலிகளின் தொகை குறைவு, அவ்வினத்துக்கு இயல்பாகவே கட்டிகள் தோன்றும் என்ற காரணங்களால் அவ்வாய்வை வெளியிட்ட சஞ்சிகை 2013இல் அதனை மீளப்பெற்றது. ஆனால் படங்களை அனுப்பியோரில் எத்தனை பேர் அச்செய்தியையும் அனுப்பினர்? கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரதுல் ஹுஜுராத் எமக்குக் கட்டளையிடுகின்றது. ஆதாரமின்றி ஒன்றை ஹராம் என்று கூறுவதும் பாரிய குற்றமே. தாவரவியலும் மரபணுவியலும் கற்று, உம்மத்துக்குத் தெளிவு வழங்கக்கூடியோர் உங்களிலிருந்தே உருவாக வேண்டும்.

வல்ல அல்லாஹ் எமக்குப் பயனுள்ள கல்வியையும் தூய்மையான உணவையும் வழங்குவானாக! அவன் தந்த பூமியைப் பேணிப் பாதுகாக்கும் நன்மக்களாக எம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.