ஓரி ஊர்ல குறி தவறுற அம்பு

இந்த வாரம் ஸ்டுடியோ இல்ல. கொல்லிமலை செம்மேட்டுல, சித்தி வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுறேன். நடுவுல மழைச் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

செம்மேட்டுக்கு வந்தவங்க இங்க வல்வில் ஓரி சிலையைப் பாத்திருப்பீங்க. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு வரிசையா துளைச்சான்னு புறநானூறு சொல்ற அதே ஓரி. அவன் ஊர்ல நேத்து ராத்திரி ஒரு அம்பு, ஒரு பட்டனைக்கூடத் தொட முடியாம அலைஞ்சுது. லேப்டாப் திரையில இருக்கிற அம்புக்குறியைத்தான் சொல்றேன்.

சித்தி பொண்ணு பன்னிரண்டாவது முடிச்சிட்டா. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு காலேஜ் வரிசையை ஆன்லைன்ல நிரப்பணும். எது முதல், எது ரெண்டாவதுங்கிறதுதான் எல்லாமே. அடுத்த நாலு வருஷம் அந்த வரிசையில இருக்கு. கடைசி நாள் வேற. ஆனா டச்பேட்ல விரலை வெச்சா அம்பு நடுங்குது, குதிக்குது, கேட்காமலே கிளிக் ஆகுது. ஒன்பதாவதா நினைச்ச காலேஜ் மூணாவதா போய் நிக்குது.

"என் கைதான் சரியில்ல அண்ணா. காலையில இருந்து பலாப்பழம் அறுத்தேன்ல, பிசின் போகல போல"ன்னா. மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்தா. உண்மையச் சொல்லணும்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன். "நகரு, நான் பண்றேன்"னு உக்காந்தேன். என் கைக்கும் அதே ஆட்டம்.

அப்பத்தான் கரண்ட் போச்சு. பேட்டரியில ஓட ஆரம்பிச்சதும் அம்பு கப்புனு அடங்கிடுச்சு. சொன்ன இடத்துக்குப் போகுது. பத்து நிமிஷத்துல கரண்ட் வந்தது, திரும்பவும் குதிச்சது. காரணம் சார்ஜர்.

டச்பேட் நம்ம அழுத்தத்தைப் பாக்கிறது இல்ல. அடியில மின்கம்பி மாதிரி ஒரு வலை இருக்கு. விரல் பக்கத்துல வந்தா அங்க இருக்கிற மின்தேக்குத்திறன் கொஞ்சம் மாறும். எந்த இடத்துல எவ்வளவு மாறுச்சுன்னு கணக்குப் போட்டுத்தான் "விரல் இங்க"ன்னு முடிவு பண்ணுது. அதனாலதான் ஈரத்துளி பட்டா அதையும் விரல்னு ஏமாறும். காப்புக் காய்ச்ச விரல் பட்டா கண்டுக்காமலும் போகும்.

சித்தி வீட்டுல மூணு பின் சார்ஜரை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருந்தாங்க. எர்த் இல்ல. எர்த் இல்லாத சார்ஜர்ல இருந்து மின் இரைச்சல் லேப்டாப் முழுக்கப் பரவும். நாம விரலை வெச்சதும் அந்த இரைச்சல் நம்ம உடம்பு வழியா தரைக்கு இறங்கப் பாக்கும். டச்பேடுக்கு அது விரல் நகர்ற மாதிரி தெரியும். மெட்டல் லேப்டாப்பைத் தொடும்போது சில நேரம் ஜிவ்வுனு இருக்குமே, அதுவும் இதே கதைதான்.

சரி, எர்த் இல்லாதது வீட்டுக் குறைன்னு வெச்சுப்போம். மத்ததெல்லாம்?

1991-ல வந்த ஆப்பிள் பவர்புக், கீபோர்டை உள்ளே தள்ளி, முன்னாடி உள்ளங்கை வைக்க இடமும் நடுவுல ஒரு டிராக்பாலும் வெச்சது. 1994-ல பவர்புக் 500 வரிசையில அந்தப் பந்து இருந்த இடத்துக்கு டச்பேட் வந்துச்சு. பந்து மேல கை பட்டா பெரிசா ஒண்ணும் ஆகாது. டச்பேட் மேல பட்டா கிளிக். உள்ளங்கை ஓய்வெடுக்கிற இடத்துலயே தொட்டா வேலை செய்யற பொருளை வெச்சிட்டு, "உள்ளங்கையை ஒதுக்கு"ன்னு சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டு இருக்கோம். தமிழ் டைப் பண்ணும்போது பாதி வார்த்தை மேல் வரியில போய் விழுதே, அது இதனாலதான்.

அடுத்து, பட்டன். முன்னாடி தனியா ரெண்டு பட்டன் இருந்தது, இருட்டுலயும் விரலுக்குத் தெரியும். இப்ப நிறைய மாடல்ல முழுப் பலகையும் ஒரே பட்டன். மேல் ஓரத்துல கீல், கீழே மட்டும் அழுந்தும். மேல அழுத்தினா கல்லு மாதிரி இருக்கும். வலது கிளிக்குக்கு கோடுகூடக் கிடையாது, குத்துமதிப்புதான்.

குறி சின்னதா, தூரமா இருந்தா அடைய அதிக நேரம் ஆகும்னு பால் ஃபிட்ஸ் 1954-லயே அளந்து சொல்லிட்டார். இருந்தும் மூடுற பெருக்கல் குறியை மூலையில கடுகு மாதிரி வைக்கிறாங்க.

நேத்து ராத்திரி என்ன பண்ணோம்னா, சார்ஜரைப் பிடுங்கினோம். செட்டிங்ஸ்ல தட்டினா கிளிக் ஆகுறதை அணைச்சோம். வரிசையை முதல்ல நோட்டுல எழுதி, ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்து, அப்புறம்தான் உறுதி பண்ணா. நீங்களும் முக்கியமான ஃபார்ம் நிரப்பும்போது இதைச் செய்யுங்க. மூணு பின் சாக்கெட்ல எர்த் உண்மையிலேயே இருக்கான்னு எலக்ட்ரீஷியனைப் பாக்கச் சொல்லுங்க. முடிஞ்சா ஒரு சாதா யூஎஸ்பி மவுஸ் வாங்கி வைங்க.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். அந்தப் பொண்ணு முதல்ல சந்தேகப்பட்டது மெஷினை இல்ல, தன் கையை. வீட்டுல கம்ப்யூட்டர் தொட்ட முதல் ஆள் அவ. நானும் அவ கையைத்தான் சந்தேகப்பட்டேன். உங்க வீட்டுல அம்மாவோ தாத்தாவோ "எனக்கு இதெல்லாம் வராதுப்பா"ன்னு லேப்டாப்பைத் தள்ளி வெச்சா, ஒரு தடவை சார்ஜரைப் பிடுங்கிட்டுப் பாருங்க.

அடுத்த வாரம் பாப்போம். மழை நின்னிருக்கு, சித்தி பலாச்சுளை எடுத்து வெச்சிருக்காங்க. நான் கிளம்புறேன்.