டோக்கியோவில் எங்கே தங்கலாம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம், ஏதாவது பிரயோஜனமா பேசு" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டிருக்கிறார். நான் மோட்டார், பம்ப் என்று ஆரம்பித்தால் நீங்கள் டிபனுக்கு எழுந்துவிடுவீர்கள். நம் ஜூனியர்கள் பலர் வேலை நிமித்தம் ஜப்பான் போகிறார்கள். என்னிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, டோக்கியோவுல எங்க ரூம் போடறது?" என்பதுதான். அதையே இன்று பேசுகிறேன். நான் செய்த ஒரு தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரன். கார்த்திகை தீபம் வந்தால் எங்கள் வீட்டில் திண்ணை வரைக்கும் உறவினர் படுத்திருப்பார்கள். சிலர் மட்டும், "கோபுரத்துக்கு எதிர்லயே ரூம் வேணும்" என்று திருவண்ணாமலையில் லாட்ஜ் லாட்ஜாக அலைவார்கள். அப்பா சொல்வார்: "தீபத்த எங்கிருந்து வேணா பாக்கலாம். ராத்திரி பதினாலு கிலோமீட்டர் சுத்திட்டு வந்த கால எங்க போயி நீட்டறதுன்னு மொதல்ல யோசிங்க."

அந்தப் புத்திமதியைத்தான் நான் மறந்துபோனேன். 2019 ஏப்ரலில் எனக்கு டோக்கியோவில் இரண்டு வார வேலை. அப்பாவையும் கூட அழைத்துப் போனேன். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். ஊரின் நடுவில் இருக்கட்டும் என்று ஷின்ஜுகுவில் ரூம் போட்டேன். "ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை" என்று போட்டிருந்தது. பொய்யில்லை. ஆனால் ஷின்ஜுகு, அப்போது தினம் சுமார் 35 லட்சம் பேர் வந்துபோன நிலையம். உலகிலேயே நெரிசல் மிகுந்தது என்று கின்னஸில் இடம்பெற்றது. வெளியே வரும் வாசல்களே 200-க்கு மேல். தப்பான வாசலில் ஏறிவிட்டோம். ஏழு நிமிடம் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ரூம் 12 சதுர மீட்டர். "செமி டபுள்" என்றால் இரண்டு கட்டில் என்று நினைத்துக்கொண்டேன். அது 120 செ.மீ. அகலமுள்ள ஒரே கட்டில். கீழே படுக்கலாம் என்றால் பெட்டியை வைத்தபின் தரையே மிச்சமில்லை.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்தேன். அப்பா சட்டை போட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் வாழைப்பழத் தோல். "எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்றேன். "வெளிய போவலாம்னு காலையில சட்டையப் போட்டேன். திரும்பி வர வழி தெரியாதேன்னு அப்படியே உக்காந்துட்டேன்டா" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு தஞ்சாவூர் நண்பர் விஷயம் கேட்டுவிட்டு, "நிஷி கசாய்க்கு மாத்துங்க" என்றார். நகரின் கிழக்கே எடோகாவா வட்டத்தில் உள்ள பகுதி அது. 2000-ஆம் ஆண்டையொட்டி, கம்ப்யூட்டர்களில் தேதிப் பிரச்சினை வந்தபோது போன நம் இஞ்சினியர்கள் அங்கே குடியேறினார்கள். காரணம் தோசாய் லைன் ரயில். நிஹோன்பாஷி, ஓதேமாச்சி போன்ற அலுவலக வட்டாரங்களுக்கு வண்டி மாறாமல் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். இன்று அங்கே இட்லி தோசை கிடைக்கும், மளிகை கிடைக்கும், தமிழ்ப் பேச்சும் காதில் விழும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். காலை நெரிசலில் இந்த ரயில் பேர்போனது. 2019-இல் ஒரு பகுதியில் கொள்ளளவைப் போல 199 சதவீதம் கூட்டம். ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள். விரைவு வண்டி நிஷி கசாயில் நிற்காது, பார்த்து ஏறுங்கள்.

இனி, ரூம் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை. முதலில், தினமும் எங்கே போகப் போகிறோம், அங்கே வண்டி மாறாமல் போக முடியுமா? சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு யாமனோதே லைன் ஓரமாக உள்ள சிறிய நிலையங்கள் நல்லது. அது 34.5 கிலோமீட்டர் வட்டப் பாதை, 30 நிலையங்கள், ஒரு மணி நேரத்தில் நகரையே கிரிவலம் வந்துவிடும். அசாகுசாவில் தங்கினால் நரீத்தா, ஹனேதா இரண்டு விமான நிலையத்துக்கும் நேர் ரயில் உண்டு.

அடுத்து, ராத்திரி எப்படித் திரும்புவது? நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குள் ரயில்கள் நின்றுவிடும், விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் மறுபடி. டாக்சியில் இரவு பத்துக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். கடைசி ரயிலை விட்டவருக்கு கேப்சூல் ஹோட்டல் கைகொடுக்கும். 1979-இல் ஒசாகாவில் முதலில் வந்தது அது. ஒரு ஆள் நுழைந்து படுக்கும் பெட்டி. வயதானவர்களுக்குச் சரிப்படாது.

மூன்றாவது, சாப்பாடு. வெறும் காய்கறிக் குழம்பு என்று நினைப்பதிலும் மீன் சாறு இருக்கும். சைவக்காரர்கள் சமையலறை உள்ள வாடகை வீடு எடுக்கலாம். 2018 ஜூன் முதல் அதற்குத் தனிச் சட்டம் உண்டு, பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் அவர்களுக்குத் தொடர் விடுமுறை; அப்போது ரூம் வாடகை எகிறிவிடும்.

நிஷி கசாய்க்கு மாறிய மறுநாளே அப்பா தனியாக வெளியே கிளம்பினார். நடக்கிற தூரத்தில் கியோசென் பூங்கா. அதற்குள் கட்டணமில்லாத சின்ன மிருகக்காட்சி சாலை. வழி தவறினால் காட்டச் சொல்லி, விலாசத்தை ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் ஒரு நாள்கூட வெளியே எடுக்கவில்லையாம்.

2021-இல் அப்பா காலமாகிவிட்டார். ஊரில் யாராவது ஜப்பானைப் பற்றிக் கேட்டால் அவர் கோபுரத்தையோ புல்லட் ரயிலையோ சொன்னதில்லை. பூங்கா பெஞ்சில் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு ஜப்பானியப் பெரியவரைத்தான் சொல்வார். "அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவரு பாஷ தெரியாது. தெனமும் பேசிக்குவோம்."

தம்பிகளே, நீங்கள் தனியாகப் போனால் எங்கே தங்கினாலும் சமாளித்துக்கொள்வீர்கள். அப்பா அம்மாவை அழைத்துப் போகும்போது, நீங்கள் வேலைக்குப் போனபின் அவர்கள் பகலெல்லாம் என்ன செய்வார்கள் என்று யோசித்து ரூம் போடுங்கள். முதல் மூன்று நாளை நான் வீணாக்கியதுபோல் நீங்கள் வீணாக்க வேண்டாம்.