கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டர்: வாங்குமுன் ஒரு கணக்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜனவரியில் கொடைக்கானல் போகிறோம் என்று முடிவாகிவிட்டது. 34 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் குழந்தைகள் 11 பேர், 70 வயதைத் தாண்டியவர்கள் 4 பேர். முதல் இரவு கூடாரத்தில் தங்கலாம் என்பது இளைஞர்களின் ஆசை. குளிருக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, சி பிளாக் நண்பர் ஒரு யோசனை சொன்னார். அவருடைய மகன் கனடாவில் இருக்கிறார். பனிக்காலத்தில் ஏரி உறைந்ததும், பனிக்கட்டியின் மேலேயே சிறு கூடாரம் அடித்து, துளை போட்டு, தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. டொராண்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி அதற்குப் பேர் போனது. அந்தக் கூடாரங்களுக்குள் கையில் தூக்கிப் போகும் புரோபேன் கேஸ் ஹீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். "மைனஸ் 15 டிகிரியில் அவர்களுக்கு உதவுவது, 8 டிகிரியில் நமக்கு உதவாதா? சங்கத்துக்கு இரண்டு வாங்கிவிடலாமே" என்பது நண்பரின் கேள்வி.

நியாயமான கேள்விதான். செயலாளர் என்னிடம் விசாரித்துச் சொல்லச் சொன்னார். நான் பி.காம். படித்தவன். வங்கி கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் வரவு செலவு பார்த்தவன். விஞ்ஞானம் பேச வரவில்லை. ஆனால் இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான். செலவாவது காற்று.

முதலில் அளவு. இந்த ஹீட்டர்களை பி.டி.யு. என்ற கணக்கில் விற்கிறார்கள். சிறிய மாடல்களில் 4,000, 9,000 என்று இரண்டு நிலை இருக்கும். 4,000 என்பது நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியைவிடச் சற்றுக் கூடுதல் சூடு. 9,000 என்பது இரண்டு இம்மர்ஷன் ராடு போட்டதற்குச் சமம். கேஸ் செலவு, குறைந்த நிலையில் மணிக்குச் சுமார் 90 கிராம், முழு நிலையில் சுமார் 190 கிராம். நான்கு பேர் படுக்கும் கூடாரத்துக்குக் குறைந்த நிலையே தாராளம். பெரிதாக வாங்கினால் நல்லது என்ற நம் வழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும்.

இனி காற்றுக் கணக்கு. நான்கு பேர் கூடாரத்துக்குள் ஏறத்தாழ 250 கன அடி காற்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 52 கன அடி. 100 கிராம் கேஸ் எரிய ஏறக்குறைய 10 கன அடி ஆக்சிஜன் வேண்டும். குளிருகிறது என்று ஜிப்பை முழுக்க இழுத்துவிட்டு, வெளிக்காற்று துளியும் வராமல் செய்தால், ஒரு மணி நேரத்தில் 21 சதவீதம் 17-க்கு இறங்கிவிடும். உள்ளே மூச்சு விடும் நான்கு பேரின் செலவை நான் இதில் சேர்க்கவில்லை. இது மதுரைக் கணக்கு. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே காற்று இங்கிருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இருப்பே குறைவு, செலவு அதே செலவு.

ஆக்சிஜன் குறைந்தால் தீ சரியாக எரியாது. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவைக் கக்கும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்ளும். "கேஸ் வாடை வந்தால் தெரிந்துவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். அந்த வாடை, எரியாத கேஸ் கசிந்தால் தெரிவதற்காகக் கம்பெனி கலக்கும் மருந்தின் வாடை. எரிந்த பிறகு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது.

இது பயமுறுத்தச் சொல்வதல்ல. 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போனவர்களில் 8 பேர், தாமன் என்ற மலையூரில் ஒரே அறையில் தங்கினார்கள். இரண்டு தம்பதிகள், நான்கு குழந்தைகள். குளிருக்காக கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்து, சன்னல்களை அடைத்து, கதவை உள்ளே தாழிட்டுப் படுத்தார்கள். காலையில் ஒருவரும் பிழைக்கவில்லை. தாமனும் ஏறக்குறைய கொடைக்கானல் உயரம்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024-ல் கொடைக்கானலிலேயே, பார்பிக்யூ அடுப்பின் கரி அறைக்குள் இருந்த நிலையில் தூங்கிய இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவில்லை. கேஸ் ஆனாலும் கரி ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

"நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவள் அறையில் கங்குச் சட்டி வைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். வைத்தார்கள். அந்த வீட்டுக் கூரை ஓடு. ஓட்டுக்கு ஓடு இடைவெளி. கதவடியில் பூனை நுழையும் சந்து. வீடே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் அறைக்குள் கணப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே புகைபோக்கி இருக்கிறது. கூடாரத்துக்குப் புகைபோக்கி கிடையாது. நம் அலுமினிய சன்னல் வைத்த படுக்கையறைக்கும் கிடையாது. ஏ.சி. போட்டு மூடிய அறையில் குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிறவர்களும், சன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டியிருப்பவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கனடாக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? மூன்று விஷயங்கள்.

ஒன்று, நல்ல ஹீட்டரில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் அமைப்பு இருக்கிறது. உள்ளே ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டே ஒரு உலோக முனையைச் சூடாக வைத்திருக்கும். ஆக்சிஜன் 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கியதும் அந்தச் சுடர் முனையை விட்டு விலகும். முனை ஆறும், வால்வு மூடும். ஹீட்டர் சாய்ந்தால் அணையும் அமைப்பும் தனியாக உண்டு. இந்த இரண்டும் இல்லாத ஹீட்டரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், கூடாரத்துக்கென்று வாங்கவே கூடாது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த அமைப்பு பார்ப்பது ஆக்சிஜனைத்தான், கார்பன் மோனாக்சைடை அல்ல. பர்னரில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்துத் தீ மஞ்சளாக எரிந்தால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே விஷவாயு வரும். அப்போது அந்த அமைப்பு சும்மா இருக்கும்.

இரண்டு, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்று வழி விடுகிறார்கள். எத்தனை சதுர அங்குலம் என்று ஹீட்டரோடு வரும் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கும். குளிர் வருகிறதே என்று அதை அடைப்பவர்களுக்குத்தான் ஆபத்து.

மூன்று, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்துக்கொள்கிறார்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. இ.என். 50291 அல்லது யு.எல். 2034 என்ற தர எண் அதில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று. அங்கே மீன் பிடிக்கிறவர் தூண்டிலைப் பிடித்து விழித்துக்கொண்டிருப்பவர். நாம் வாங்க நினைப்பது தூங்குவதற்கு. விழித்திருப்பவருக்குத் தலை வலித்தால் வெளியே போவார். தூங்குகிறவருக்கு வலி தெரியாது.

அந்த ஹீட்டர் இங்கே வேலை செய்யுமா என்றும் பார்த்தேன். அமெரிக்காவில் பெயர் பெற்ற மிஸ்டர் ஹீட்டர் நிறுவனத்தின் சிறிய மாடலில், 7,000 அடிக்கு மேல் ஹீட்டர் தானாக அணைந்துவிடக்கூடும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். கொடைக்கானல் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. அணைவதை நிறுத்த யாராவது அந்த அமைப்பைக் கழற்றிவிட்டால், அதைவிட முட்டாள்தனம் வேறில்லை. அடுத்து, அங்கே மாட்டுவது அரைக் கிலோவுக்கும் குறைவான சிறு புரோபேன் டப்பா. அந்தத் திருகு நம் ஊர் சிலிண்டரில் பொருந்தாது. பட்டறையில் கொடுத்து இணைப்பு செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். கேஸ் விஷயத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தங்கும். நாம் படுப்பதும் தரையில்தான்.

இங்கே கிடைக்கும் கையடக்க அடுப்பு டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். அது சைபர் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுக்கும். புரோபேன் மைனஸ் 42 வரை தாங்கும். கேஸ் வெளியேற வெளியேற டப்பா இன்னும் குளிரும். ஆகவே மலைக்குளிரில் பியூட்டேன் டப்பா சோர்ந்துபோகும். சோர்ந்த டப்பாவைச் சூடேற்றத் தீயருகே நகர்த்துவார்கள். வெடிப்பது அப்போதுதான்.

கொண்டுபோவதும் ஒரு பிரச்னை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி நம் ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் போடப் போய்த் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். யாத்திரை வந்தவர்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர்கள். மூடிய பெட்டி, உள்ளே கேஸ், அவ்வளவுதான். 34 பேர் உட்கார்ந்த வேனில் பின்சீட்டுக்கடியில் சிலிண்டர் வைத்து மலைப்பாதை ஏற நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அது கூடாரத் துணியில் பட்டுக் குளிர்ந்து சொட்டும். விடியும்போது போர்வை ஈரமாகியிருக்கும். ஈரப் போர்வை குளிரை இரட்டிப்பாக்கும்.

பயணத்துக்கு வருகிறவர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தள்ளாடுதல். வத்தலக்குண்டு தாண்டி வளைவு ஏறினாலே நம்மில் பாதிப் பேருக்கு இதெல்லாம் வரும். அதனால்தான் "மலை ஏறின மயக்கம், படுத்தால் சரியாகும்" என்று விட்டுவிடுகிறோம். தீயோ கரியோ இருந்த அறையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படி இருந்தால், யோசிக்காமல் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், 108-ஐ அழையுங்கள், மருத்துவரிடம் "அறைக்குள் தீ இருந்தது" என்று வாயால் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். அந்தக் கருவிக்கு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆபத்தில் இருப்பவருக்கும் 98 காட்டும்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான் வைக்கும் யோசனை இது. ஹீட்டர் வாங்க வேண்டாம். கூடாரத்திலோ அறையிலோ கேஸ், கரி, எதுவும் தூங்கும் நேரத்தில் எரியக் கூடாது என்று தீர்மானம் போடுவோம். அந்தப் பணத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்குவோம். பயணம் முடிந்தபின், குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருக்கும் வீடுகளுக்கு அவை உதவும். பெரியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் அறை எடுப்போம். கூடாரத்தில் படுப்பவர்கள் தரைக்கும் பாய்க்கும் நடுவே தடித்த விரிப்பு போடுங்கள். குளிர் பாதி தரையிலிருந்துதான் ஏறுகிறது. ரப்பர் பையில் வெந்நீர், கம்பளிக் குல்லாய், காலுறை போதும். தீ காய ஆசைப்படுபவர்களுக்கு, அனுமதி உள்ள இடத்தில் வெட்டவெளியில் கணப்பு போடுவோம். சுற்றி உட்கார்ந்து பாடுங்கள், கடலை வறுத்துத் தின்னுங்கள். எழுந்து போகும்போது தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் போங்கள்.

சி பிளாக் நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அவர் கேட்டதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிந்தது. அவர் மகனுக்கும் நம் சங்கத்தின் சார்பில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்: மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கூடாரத்தின் காற்று வழியை மட்டும் அடைக்காதே, தம்பி.

மறுப்பு இருப்பவர்கள் இப்போதே பேசலாம். இல்லையென்றால் தீர்மானத்தைப் பதிவு செய்யும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.