ஆசிரியரின் மனநிறைவு: அரச பாடசாலையிலும் தனியார் பாடசாலையிலும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் வைத்தியர் என்பதால் அதன் உடல்நலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பாடசாலையின் நலம் அதன் ஆசிரியர்களின் மனநிறைவில் தெரியும்.

என்னிடம் மருந்துக்கு வருபவர்களில் ஆசிரியைகள் பலர். கம்மிய குரல், காலில் புடைத்த நரம்பு, பிறஷர், நித்திரையின்மை என்று வருவார்கள். சற்றுப் பேசவிட்டால் உள்ளிருக்கும் குறை வெளிவரும். அரச பாடசாலை ஆசிரியை, சம்பளம் மாத முடிவுவரை வராததையும், இடமாற்றத்தையும், நிரப்பி முடியாத படிவங்களையும் சொல்வார். தனியார் பாடசாலை ஆசிரியைக்கு வகுப்பு சிறிது, வசதிகளும் உண்டு. ஆனால் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது தெரியாது. கட்டணம் கட்டும் பெற்றோர் கடைக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்கள் என்பார்.

இந்த இரண்டு உலகங்களும் எப்படி உருவாகின என்பதை நாம் அறிவோம். எமது மாவட்டத்தின் பழைய பாடசாலைகள் பலவற்றை மிஷனரிமாரும் இந்து சமயத் தொண்டர்களும் தொடங்கினார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. பிற்காலத்தில் கம்பனிகளாகப் பதிவுசெய்யப்பட்ட சர்வதேசப் பாடசாலைகள் தோன்றின. இன்று அரச ஆசிரியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் சட்டம் தருவது ஊழியர் சேமலாப நிதி. அதற்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம் தொழில்தருநரின் பொறுப்பு.

அப்படியானால் எங்கே மனநிறைவு அதிகம்? இந்தக் கேள்விக்கு ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் சொன்ன ஒரு கருத்து உதவும். சம்பளம், மேற்பார்வை, வேலைப் பாதுகாப்பு ஆகியவை குறைந்தால் மனம் கசக்கும். ஆனால் அவை நிறைந்தாலும் மனநிறைவு தானாக வந்துவிடாது. செய்த வேலையின் பயனைக் காண்பதும், அதை மற்றவர் மதிப்பதுமே அதைத் தரும். அவர் ஆராய்ந்தது பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும். ஆனாலும் என்னிடம் வரும் ஆசிரியைகள் சொல்வதோடு அது பொருந்துகிறது. இரு பக்கத்துக் கசப்பும் வேறு வேறு. மகிழ்ச்சி மட்டும் ஒன்றுதான். விளங்காதிருந்த பிள்ளைக்கு விளங்கியது என்று சொல்லும்போது இருவர் முகமும் ஒரேமாதிரி மலர்கிறது.

எமது துறைமுகப் பட்டினத்துக்கு இது நன்கு தெரியும். யுத்த காலத்திலும் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு லாஞ்சியில் போய்ப் படிப்பித்தவர்கள் உண்டு. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்கும் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. அதன் பின்பும் 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டார்கள். அந்த வழிகளில் நாள்தோறும் போன ஆசிரியர்களைச் சம்பளம் மட்டும் கொண்டுபோயிருக்காது.

அதற்காக, "அர்ப்பணிப்பு இருந்தால் போதும்" என்று நான் சொல்ல வரவில்லை. அர்ப்பணிப்பைப் புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தை மறப்பது, இரத்தம் குறைந்தவருக்கு மாலை போடுவதற்குச் சமம். 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். 2022இன் நெருக்கடியில், அரச ஊழியர் சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம்வரை வெளிநாடு போக அரசே அனுமதித்தது. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைத்தியர்களும் போனார்கள். ஆனால் ஒரு விஞ்ஞான ஆசிரியை போனால், அந்தப் பிள்ளைகளின் உயர்தரக் கனவும் அவரோடு போகக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் தொழில்சார் சோர்வை நோய் என்று சொல்வதில்லை; சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. அதாவது, மருந்து என்னிடம் இல்லை. வேலை செய்யும் இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே பழைய மாணவிகளான எம்மிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, மண்டபத்துக்கும் மதிலுக்கும் கொடுப்பதுபோல ஆசிரியர் ஓய்வறைக்கும் கொடுப்போம். நல்ல கழிவறை, இருந்து திருத்த ஒரு மேசை, குரலைக் காக்க ஒரு சிறிய ஒலிபெருக்கி. இவற்றுக்குப் பெரிய தொகை வேண்டியதில்லை.

இரண்டாவது, எங்களில் சிலர் தனியார் பாடசாலையோ ரியூட்டறியோ நடத்துகிறோம். அங்கே படிப்பிப்பவருக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் கிடைக்கிறதா என்று பார்ப்போம். அங்கே பிள்ளைகளைப் படிக்கவிடுபவர்கள் ஆசிரியரிடம் ஆசிரியராகவே பேசுவோம்.

மூன்றாவது, கொழும்பிலோ ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தாலும், உங்களுக்குப் படிப்பித்த ஒருவருக்கு இந்த மாதமே ஒரு கடிதம் எழுதுங்கள். "நன்றி ரீச்சர்" என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பாடம் உங்கள் வாழ்க்கையில் எங்கே உதவியது என்று எழுதுங்கள். ஆசிரியர் நட்ட மரம் காய்ப்பது பெரும்பாலும் அவர் கண்ணுக்குத் தெரியாத ஊரில். அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களால்தான் முடியும்.